கயித்த யாருலே பிடிக்கது?

ஏலே பேராண்டி, கப்பல்ல போறியாமே?

நேத்து ராத்திரி உங்கம்மா சொன்னா. "தம்பி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போறான்"னு. நான் பதறிப்போயிட்டேன். வேலை போயிருச்சோ, கொழும்புல போயிக் கடை வைக்கப் போறானோன்னு. பொறவுதான் விளங்கிச்சு. நீ எங்கயும் போகல. ஏறுன இடத்துலயே வந்து எறங்கப் போற. அதுக்கு மூணு ராத்திரி. அதுக்குத் துட்டும் கட்டியாச்சு. கடலுக்குப் போயிச் சும்மா சுத்திட்டு வெறுங்கையோட கரைக்கு வந்தா எங்க காலத்துல வீட்டுல மொகங்குடுத்துப் பேச மாட்டாவ. இப்ப அதுக்கு டிக்கெட்டு வித்து, ஏறும்போது கையில ஜூசும் குடுக்கான். காலம் போற போக்கப் பாத்தியா?

சிரிக்காதலே. நான் வேண்டாம்னா சொன்னேன்? போ. நல்லாப் போயிட்டு வா. நாப்பது வருசம் தோணியில கிடந்தவன் நான். கடலுக்குப் போகாதன்னு ஒருத்தன்ட்டயாவது சொல்லிருக்கனா? ஆனா ஒன் வீட்டுக்காரி எழுதி வச்சிருக்க லிஸ்டு ஒண்ண உங்கம்மா போன்ல காட்டுனா பாரு, அதுலதான் எனக்குப் பொறை ஏறிருச்சு. எண்ணிப் பாத்தேன். எம்பத்தி நாலு சாமான். கேபின் செவரு இரும்பாம், அதுல துணி தொங்கப்போடக் காந்தக் கொக்கி பன்னெண்டு. துணிய அடுக்கப் பை, அந்தப் பைய அடுக்க இன்னொரு பை. ரூம்பு கதவுல ஒட்ட நங்கூரம் போட்ட காகிதம். ராத்திரி விருந்துக்கு ஒன்பது மாசப் பயலுக்குக் கோட்டு சூட்டு. அவனே இன்னும் இடுப்புல துணி நிக்காமக் கிடக்கான், அவனுக்குக் கழுத்துல டை ஒரு கேடா?

பொறவு நாலு பேருக்கும் ஒரே மாதிரி பனியன். முன்னாடி நங்கூரம், பின்னாடி 'எங்கள் முதல் கப்பல் பயணம்'னு எழுத்து. ஏன், எழுதாட்டி யாரும் நம்ப மாட்டாவளா?

கொழும்புக்குத் தோணி எடுக்கும்போது நான் கொண்டுபோன சாமானச் சொல்லட்டா? ரெண்டு சாரம், ஒரு துண்டு, ஒரு செபமாலை, நார்த்தங்கா ஊறுகா ஒரு போத்தலு. அம்புட்டுதான்.

சரி அதை விடு. நீ எந்த ஊர்க்காரன்? தூத்துக்குடிக்காரன். பேரே துறைமுக ஊரு. அந்த ஊர்க்காரன் கப்பல் ஏற எங்க போகணும்? மெட்ராசுக்கு. எதுல? முத்துநகர் எக்ஸ்பிரசுல. கப்பல் ஊர்க்காரன் ரயிலேறிப் போயிக் கப்பலேறணும்னு நம்ம தலையில எழுதி வச்சிருக்கு. இங்கன வார கப்பலெல்லாம் நிலக்கரி எறக்குது, கன்டெய்னர் எறக்குது, காத்தாடி எறக்கைய ஏத்துது. ஆளு ஏத்த ஒண்ணு இல்ல.

ஒருக்கா வந்துச்சு. 2011-ல, ஜூன் 13-ஆந் தேதி. 'ஸ்கோஷியா பிரின்ஸ்'னு ஒரு கப்பல். ஆயிரம் பேருக்கு மேல ஏறலாம். மந்திரி வாசன் வந்து கொடி அசைச்சாரு. தூத்துக்குடியில சாயங்காலம் ஏறுனா காலையில கொழும்பு. நானும் போயி வேடிக்கை பாத்தேன். ஊரே திரண்டு பாத்துச்சு. வேடிக்கை பாத்தவன்ல பாதிப் பேரு ஏறிருந்தாக் கூட அது ஓடிருக்கும். நம்ம ஆளு கையக் கட்டிக்கிட்டுப் பாப்பான், பணத்தக் கட்ட மாட்டான். நவம்பரோட நின்னு போச்சு. நூத்தம்பது மைல் தள்ளியிருக்க கொழும்புக்குக் கப்பல்ல போக ஆளில்ல. எங்கயும் போகாத கப்பலுக்கு இப்ப வரிசையில நிக்காவ. இத நான் என்னன்னு சொல்ல?

இந்தக் கப்பல் டிக்கெட்டுல 'அது இலவசம், இது இலவசம்'னு போட்டிருக்கானாமே, அதக் கேட்டதும் எனக்குக் குடைதான் ஞாபகம் வந்துச்சு. என்ன குடைன்னு கேக்கியா? ஒனக்கு வ.உ.சி. பேரு தெரியும். காலேஜுக்குப் பேரு, துறைமுகத்துக்குப் பேரு, மார்க்கெட்டுக்குப் பேரு. கதை தெரியுமா?

1906 அக்டோபர்ல அவரு இந்த ஊருல சுதேசிக் கப்பல் கம்பெனியப் பதிவு பண்ணுனாரு. பத்து லட்சம் ரூவா மூலதனம், ஒரு பங்கு இருபத்தஞ்சு ரூவா. வெள்ளைக்காரன் கப்பல் மட்டுந்தான் கொழும்புக்கு ஓடிக்கிட்டிருந்த காலம் அது. மொதல்ல வாடகைக் கப்பல் எடுத்தாரு. அவன் அதையும் குடுக்க விடாமப் பண்ணுனான். வ.உ.சி. பிள்ளைவாள் பம்பாய்க்கே போயி 'காலியா'ங்கிற கப்பலுக்கு வழி பண்ணுனாரு. 'லாவோ'ன்னு இன்னொண்ணு. 1907-ல நம்ம துறையில நம்ம கப்பல் வந்து நின்னுச்சு. 'காலியா'வுல சாதாரண வகுப்புல மட்டும் ஆயிரத்து முந்நூறு பேரு ஏறலாம்.

வெள்ளைக்காரன் கம்பெனி விட்டானா? டிக்கெட்ட ஒரு ரூவாய்க்கு எறக்குனான். பிள்ளைவாள் எட்டணாவுக்கு எறக்குனாரு. கடைசியில அவன் என்ன பண்ணுனான்? 'சும்மாவே ஏறிக்க, கூட ஒரு குடையும் தாரேன்'னான். கொழும்புக்கு ஓசிப் பயணம், கையில புதுக்குடை! நம்ம ஆளுவ மானத்தோட சுதேசிக் கப்பல்ல துட்டுக் குடுத்துப் போனாவ. எல்லாரும்னு சொல்ல மாட்டேன். குடையப் பிடிச்சிக்கிட்டு வந்தவனும் இருப்பான்லா? ஊருன்னா எல்லாந்தான். அப்புறம் 1908 மார்ச்சுல பிள்ளைவாளப் பிடிச்சு உள்ள போட்டாவ. செக்கிழுக்க வச்சாவ. கம்பெனி மூழ்கிச்சு. அந்தக் 'காலியா'வக் கடைசியில வெள்ளைக்காரன்ட்டயே வித்தாவளாம். அந்தக் கொடுமையச் சொல்லுததுக்கே எங்கய்யாவுக்குத் தொண்டை அடைக்கும்.

அதனாலதான் சொல்லுதேன். எவனாவது கப்பல்ல ஓசியா ஏதும் குடுத்தா அந்தக் குடைய நெனச்சிக்க. 'நாலு வயசுப் பிள்ளைக்கு டிக்கெட்டு இலவசம்'பான். சரி. துறைமுகக் கட்டணம் இலவசமா? வரி இலவசமா? கலர் கலராத் தண்ணி குடிக்க, ரீல்ஸ் போட வைஃபை பிடிக்க, இந்த வெளையாட்டு, அந்தக் கூத்து எல்லாத்துக்கும் தனித் துட்டு. கையில காசு வாங்க மாட்டான். அட்டையத் தேச்சிருவான். எறங்கும்போது மொத்தமாச் சீட்டு வரும். அப்பக் கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சிக்கிட்டு உக்காராத. ஏறுமுன்ன எது சேத்தி, எது சேராதுன்னு ஒரு வெள்ளைத் தாளுல எழுதி வாங்கு. எம்பத்தி நாலு எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த ஒண்ணு எழுதத் தெரியாதா?

இன்னொண்ணும் சொல்லணும். 'எங்கள் முதல் கப்பல் பயணம்'னு பனியன்ல போட்டுருக்கியே, நம்ம ஊருல கைப்பிள்ளையோட கப்பலேறுன மொதல் ஆளு நீயில்லலே. இந்தக் கரையில இருந்து பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு எத்தன ஆயிரம் சனம் கப்பலேறுச்சு தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. தட்டப்பாறையில முகாம் போட்டு, நோய் நொடி இருக்கான்னு அடைச்சு வச்சுப் பாத்து, பொறவுதான் தூத்துக்குடியில ஏத்துவான். பால்கனி கிடையாது. கேபின் கிடையாது. மேல்தட்டுல ஒரு சாக்கு. மழை வந்தா நனையணும், வெயில் அடிச்சாக் காயணும். 1914-ல தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் வந்த பொறவு கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. அந்தத் தாய்மாருக்கு யாரும் லிஸ்டு எழுதிக் குடுக்கல. ஒரு கையில பிள்ள, ஒரு கையில சட்டி. அவ்வளவுதான். இப்பவும் ஆசையிருந்தா நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கான். 2023 அக்டோபர்ல தொடங்குனான், இடையில நின்னு 2024 ஆகஸ்டுல 'சிவகங்கை'ன்னு பேரு வச்சு மறுபடி விட்டான். அதுல நீச்சல் குளம் இல்ல, விருந்து இல்ல. ஆனா போயிச் சேர ஒரு ஊரு இருக்கு.

சரி, ஒன் கப்பலுக்கு வருவோம். மெட்ராசுல இருந்து மொத மொதல்ல அந்த உல்லாசக் கப்பலு 2022 ஜூன்ல கெளம்புச்சு. முதலமைச்சர் ஸ்டாலின் கொடி அசைச்சாரு. 'எம்ப்ரெஸ்'னு பேரு. பேப்பர்ல படம் பாத்தேன். எரநூத்திப் பத்து மீட்டர் நீளம். என் தோணி நூறடிக்குக் கொஞ்சம் கூட. அதக் கொண்டுபோயி இது பக்கத்துல நிறுத்துனா, யானை காலடியில எலி மாதிரி. ஆனா அந்த யானைக்கு வயசு என்ன தெரியுமா? 1990-ல பிரான்சுல கட்டுனது. அப்ப அதுக்கு 'நார்டிக் எம்ப்ரெஸ்'னு பேரு. பொறவு 'எம்ப்ரெஸ் ஆஃப் தி சீஸ்', இப்ப வெறும் 'எம்ப்ரெஸ்'. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல. நம்ம தோணியும் அப்படித்தான். பெயிண்டு அடிச்சுப் பேர மாத்துனா புதுசு. பராமரிச்சா மரமே அம்பது வருசம் நிக்கும், இரும்புக்கு என்ன? ஒன் பாட்டி கூடத்தான் அறுவது வயசுலயும் புதுச்சேலை கட்டுனாப் புதுப்பொண்ணு மாதிரி இருந்தா.

அந்தக் கப்பல்காரன்ட்ட எனக்குப் பிடிச்ச புத்தி ஒண்ணு உண்டு. ஜூன்ல ஏன் மெட்ராசுக்கு வந்தான்? அப்பத்தான் பம்பாய்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் சுழட்டிச் சுழட்டி அடிக்கும். காத்தப் பாத்து ஒதுங்கி இந்தப் பக்கம் வந்தான். அது தண்டல் புத்தி, தோணி ஓட்டுதவன் புத்தி. எங்களுக்கும் ஆனி, ஆடியில கச்சான் காத்து மூச்சு முட்ட அடிக்கும். தோணியக் கட்டிப் போட்டுட்டு, பனிமய மாதா கோயில் திருழாவுக்குப் புதுச்சட்டை தைக்கப் போயிருவோம். ஐப்பசி, கார்த்திகை வந்தா அந்தப் பக்கக் கடலுக்குப் புயல் பிடிக்கும். எவ்வளவு பெரிய கப்பலா இருந்தாலும் காத்துட்டக் கேட்டுத்தான் போகணும். நீ டிக்கெட்டு எடுக்கையில என்ன பாத்த? 'ஆஃபர்' பாத்த. என்ன மாசம்னு பாத்தியா?

இப்ப வாந்திக்கு வா. சங்கடப்படாதலே, கடல்னா வாந்தி உண்டு. நானே மொத மூணு நடை குடலக் கக்கிருக்கேன். கடல்காரன் மவன்னா கடலுக்குத் தெரியவா செய்யும்?

அது ஏன் வருது தெரியுமா? காதுக்குள்ள கொத்தனார் வச்சிருக்க ரசமட்டம் மாதிரி ஒண்ணு இருக்கு. கேபினுக்குள்ள உக்காந்தா கண்ணு சொல்லும், 'செவரு நிக்குது, கட்டிலு நிக்குது, ஒண்ணும் ஆடல'ன்னு. காதுல இருக்க ரசமட்டம் சொல்லும், 'ஆடுதுலே, ஆடுது'ன்னு. ரெண்டு பேரு சண்டையில வயிறு நடுவுல கிடந்து அவதிப்படும். அதனால மொகம் வெளுத்தாப் பிள்ளையக் கேபினுக்குள்ள படுக்கப் போட்டுக் கையில போனக் குடுக்காத. வெளிய கூட்டிட்டு வா. தூரத்துல வானமும் தண்ணியும் சேர்ற கோட்டக் காட்டு. காத்து மொகத்துல படட்டும். கண்ணும் காதும் ராசியாயிரும்.

ஒன் மவனுக்கு ஒன்பது மாசம். அவனுக்கு ஒண்ணும் பண்ணாது. ரெண்டு வயசுக்குள்ள இருக்க பிள்ளைகளுக்கு இது ரொம்ப வராது. தொட்டில்ல கிடக்க மாதிரி தூங்கிருவான். மவளுக்குத்தான் நாலு வயசு. ரெண்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் இது போட்டுப் படுத்தும். கையில மாட்டுத பட்டை ஒண்ணு லிஸ்டுல இருந்துச்சு. மாட்டு, அழகா இருக்கும். மாத்திரைய மட்டும் கடையில கேட்டு வாங்கிக் குடுத்துராத. நமக்குப் போடுத மாத்திரை வேற, பிள்ளைக்கு வேற. சிலது ரெண்டு வயசுக்குள்ள கொடுக்கவே கூடாது. டாக்டர்ட்டக் கேட்டுக்க. எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காத. வயித்தக் காலியாவும் போடாத. காஞ்ச ரொட்டி, பிசைஞ்ச சோறு, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி. பெரியவங்களுக்கு நார்த்தங்கா ஊறுகா. எம்பத்தி நாலுல அது இல்ல, பாத்துட்டேன்.

பால்கனி ரூம்புதான் வேணும்னு ஒன் வீட்டுக்காரி ஒத்தக்கால்ல நிக்காளாமே? எந்த மாடி? உச்சியில, முன்பக்கமா? நல்லாருக்கு! பார்க்குல ஏறி எறங்குத பலகை இருக்குல்லா, அதுல நுனியில இருக்கவன் என்ன ஆவான்? குதிப்பான். நடுவுல இருக்கவன்? சும்மா இருப்பான். கப்பலும் அந்தப் பலகைதான். ஆட்டம் கம்மியா வேணும்னா நடுவுல எடு, கீழ எடு. ஒசர எடுத்தா ஒசந்த ஆளுன்னு நெனப்பு. கடல் அந்த ஒசந்த ஆளத்தான் மொதல்ல குனிய வைக்கும். மானம் கப்பலேறும்னு சொல்லுதோமே, அது இதுதான்.

இதெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். நான் கேக்க வந்தது ஒண்ணு. கயித்த யாருலே பிடிக்கது?

விளங்கலையா? உக்காரு.

1961. எனக்குப் பதினேழு வயசு. அந்த வருசம் நம்ம கடல்ல முத்துச் சலாபம், அதான் முத்துக்குளிப்பு, நடந்துச்சு. அதுதான் கடைசிச் சலாபம்னு அப்ப யாருக்கும் தெரியாது. அதே வருசந்தான் சிவாஜி நடிச்ச 'கப்பலோட்டிய தமிழன்' படமும் வந்துச்சு. எங்கய்யா முங்குவாரு. எங்க தாய்மாமன் மேல வள்ளத்துல நிப்பாரு. நான் தண்ணி எறைக்கப் போன பய. நடுச்சாமத்துக்கு மேல, கரைக்காத்துல பாய விரிச்சுச் சிப்பி கிடக்க பாருக்குப் போவோம். விடிஞ்ச பொறவு முங்குவாவ. கல்லுல ஒரு கால ஊனி, மூக்கப் பிடிச்சிக்கிட்டு, சர்ருன்னு கீழ. அஞ்சு பாகம், எட்டு பாகம் ஆழம். மூச்சு நிக்கது ஒரு நிமிசம், இல்ல கொஞ்சம் கூட. அந்த நேரத்துக்குள்ள கைக்கு அகப்பட்ட சிப்பியக் கூடையில அள்ளணும். பொறவு கயித்த ஒரு இழு இழுப்பாரு. மேல இருக்கவன் தூக்கணும். அந்த ஒரு இழுப்ப அவன் கவனிக்கலன்னு வையி?

அதனாலதான் கயிறு பிடிக்கவன் மச்சானா இருக்கணும்னு நம்ம கரையில சொல்லுவாவ. தங்கச்சி தாலி அந்தக் கயித்துல தொங்குது. அவன் கண்ணு வேற எங்கயும் போகாது. எங்க மாமா லேசுப்பட்ட ஆளில்ல, கரையில இருந்தா வாய மூட மாட்டாரு. அவரு கையில கயிறு வந்துட்டா ஊமை. பீடி கிடையாது. பேச்சு கிடையாது. பக்கத்து வள்ளத்துல பெரிய சிப்பி வந்துச்சுன்னு கூச்சல் போட்டாக் கூடத் திரும்ப மாட்டாரு. ஒரு நாள் நான், "மாமா, அங்க பாரு ஆமை"ன்னேன். கயிறு பிடிக்காத கையால பொடதியில ஒண்ணு வச்சாரு பாரு, இப்பவும் வலிக்கி.

சுறாவுக்குத் தனி ஆளு உண்டு அந்தக் காலத்துல. கடல்கட்டின்னு பேரு. மந்திரம் சொல்லி சுறா வாயக் கட்டிருவாராம். எழுநூறு வருசத்துக்கு முன்ன வந்த மார்க்கோ போலோகூட எழுதி வச்சிருக்கான், எடுத்த முத்துல இருபதுல ஒரு பங்கு அவருக்குன்னு. பொறவு வந்த இங்கிலீசுகாரனே சம்பளம் போட்டு வச்சிருந்தான். ஏன்? மந்திரத்த நம்பியா? அவரு இல்லன்னா முங்க ஆளு வராது. நீ எடுத்திருக்கியே பயண இன்சூரன்சு, அதுவும் கடல்கட்டிதான். எடு, தப்பில்ல. தைரியமா இருக்கும். ஆனா கடல்கட்டி இருக்காருன்னு எந்த மச்சானாவது கயித்த விட்டானா?

இப்ப ஒன் கப்பலுக்கு வா. போன மாசம் பீச்சுக்குப் போனோம்லா. நீ, ஒன் வீட்டுக்காரி, ஒன் மச்சினன், அவன் வீட்டுக்காரி. நாலு பேரு, அஞ்சு போனு. ஒன் மவ அலையில கால நனைக்கா. நாலு பேரும் படம் எடுக்கிய. நாலு பேரும் அவளப் பாக்குததா நெனப்பு. பாத்தது கண்ணாடியத்தான. 'அவ பாத்துக்கிடுவா'ன்னு நீ நெனச்ச, 'அவரு பாத்துக்கிடுவாரு'ன்னு அவ நெனச்சா. நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முழங்காத் தண்ணியில நின்னேன். "தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல வாரீங்க"ன்ன. ஞாபகம் இருக்கா?

கப்பல்லயும் அப்படித்தான் நடக்கும். அதனால மொறை வச்சிக்க. காலையில நீ கயிறுன்னா, மத்தியானம் அவ கயிறு. கயிறு கையில இருக்க ஆளுக்கு அப்பப் போனு கிடையாது, பாட்டு கிடையாது, கலர் தண்ணி கிடையாது. மத்த ஆளு போயி நிம்மதியா ஆடட்டும், தூங்கட்டும், என்னமும் பண்ணட்டும். கயித்தக் கைமாத்தும்போது வாயத் தெறந்து சொல்லணும். 'இந்தா, இனி ஒன் பொறுப்பு'ன்னு. சொல்லாம மாத்துன கயிறுதான் கடல்ல விழும்.

பால்கனியில நாக்காலி கிடக்கும். கம்பிப் பக்கம் கிடந்தா இழுத்துச் செவரு பக்கம் போடு. நாலு வயசுப் பிள்ளைக்கு நாக்காலிங்கது உக்காருத சாமானா? அது ஏணி. கதவுத் தாழ்ப்பா அவ கைக்கு எட்டுதான்னு உள்ள போன ஒடனே பாரு. காந்தக் கொக்கிய அதுக்குப் பொறவு ஒட்டலாம்.

ஏறுன அன்னிக்கே சங்கு ஊதி எல்லாரையும் ஒரு இடத்துல கூப்பிடுவான். ஆபத்துன்னா எங்க வரணும், மிதவைச் சட்டைய எப்படிப் போடணும்னு காட்டுவான். 2012-ல இத்தாலியில ஒரு கப்பல் பாறையில மோதிச் சாஞ்சுது பாரு, அதுல ஏறுன கொஞ்சப் பேருக்கு இதச் சொல்லிக் குடுக்கவே இல்ல. மறுநாள் சொல்லலாம்னு வச்சிருந்தான். மறுநாள் எங்க வந்துச்சு? அதுக்குப் பொறவு சட்டத்த மாத்திட்டான். கெளம்புமுன்னயோ கெளம்புன ஒடனேயோ சொல்லியாவணும். அந்த நேரத்துல விருந்துக் கூடத்துல வரிசை கம்மியா இருக்கும்னு போயி நிக்காத. பிள்ளைகளுக்குன்னு சின்ன மிதவைச் சட்டை வேணும், கைப்பிள்ளைக்கு அதவிடச் சின்னது. பெருசுக்குள்ள சின்னதப் போட்டா நழுவி வெளிய வந்துரும். ரூம்புல இல்லன்னா கேட்டு வாங்கு. அதுக்குக் கூச்சப்படாத. பனியன்ல எழுதிப் போடக் கூசாத ஆளுக்கு இதுக்கென்ன கூச்சம்?

மத்ததெல்லாம் நீயே பாத்துக்கிடுவ. பிள்ளைகள வெளையாட விடுத கூடம் இருக்கும். அனேகமா மூணு வயசுக்கு மேலதான் சேப்பான், அதுவும் ஒண்ணுக்குச் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைய. சின்னவன் உன் இடுப்புலதான். டயப்பர் கட்டுன பிள்ளையப் பெரும்பாலான கப்பல்ல நீச்சல் குளத்துல எறக்க விட மாட்டான். அது நல்லதுதானலே? அந்தக் குளத்துலதான நீயும் முங்குவ. ஒரு பிளாஸ்டிக் வாளி கொண்டு போ. அதுல தண்ணி பிடிச்சுக் குடுத்தா ரெண்டு மணி நேரம் அவன் சத்தம் வராது. சாப்பாடு நூறு வகை வச்சிருப்பான். ஒன் மவ தயிர்ச் சோறுதான் கேப்பா. அவளத் திட்டாத. ஏறும்போது பெட்டிய அவன் வாங்கிக்கிடுவான், ரூம்புக்கு வர சாயங்காலம் ஆயிரும். மாத்துத் துணியும் மருந்தும் பால்புட்டியும் கைப்பையில இருக்கட்டும். எதத் தின்னாலும் முன்ன பிள்ளை கையச் சோப்புப் போட்டுக் கழுவு. ஆயிரம் பேரு ஒரே கரண்டியப் பிடிச்ச இடம் அது. வயித்துப்போக்கு ஒருத்தனுக்கு வந்தாக் கப்பல் முழுக்க வலம் வரும்.

ராத்திரி ரூம்புக்கு வந்தாத் துண்ட மடிச்சு யானை பண்ணிக் கட்டில்ல வச்சிருப்பானாம். அழகா இருக்குமாம். ஒன் மவ அதக் கட்டிப்பிடிச்சிக்கிடுவா. பொறவு குளிச்சிட்டுத் தொடைக்கத் துண்டு வேணும்னு யானைய உருவிப் பாரு, தெரியும். கப்பல் சங்கு தோத்துப்போவும்.

என்னலே முழிக்க? ஆங்... தாத்தாவும் வாங்கன்னு கூப்பிட்டியே, அதுக்குப் பதில் சொல்லல.

நாப்பது வருசம் கடல்ல கிடந்தேன். கொழும்புக்குப் போனேன், மாலத்தீவுக்குப் போனேன். வெங்காயம் ஏத்துனேன், ஓடு ஏத்துனேன், சிமெண்டு ஏத்துனேன். ஒன் பாட்டிய ஒரு நாள் ஏத்துனதில்ல. தோணியில பொம்பளைய ஏத்தக் கூடாதுன்னு ஒரு பேச்சு. நான் பாய விரிக்கும்போது அவ பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுப் பழைய துறைமுகத்து முனையில நிப்பா. திரும்பி வரும்போதும் அங்கனயே நிப்பா. 'நடுக்கடல் எப்படி இருக்கும்'னு ஒருக்கா கேட்டா. 'என்னத்த, தண்ணிதான்'னேன்.

சரி, சரி. மெட்ராசு வரைக்கும் முத்துநகர்ல கீழ் பெர்த்தாப் போடு. கப்பல்லயும் எனக்குக் கீழ, நடுவுல. ஊறுகா நான் கொண்டாரேன். பொறவு அந்தப் பனியன் இருக்குல்லா, நங்கூரம் போட்டது... அதுல எனக்கும் ஒண்ணு சொல்லிரு. நாப்பத்திரெண்டு சைசு. பின்னாடி எழுத்து வேண்டாம். இல்ல, இருந்துட்டுப் போவட்டும், எழுதச் சொல்லு.